நாளா, ஆளா

ஆமர் வீதி மரக்காலையில்
வாள் உடைந்தபோது மணி பதினொன்றே கால்.
பல் ஒன்று தெறித்துத்
தகரக் கூரையில் ஓட்டை போட்டது.
"வாள் ஒன்று இருபத்தெட்டாயிரம்!"
நிலாப்தீன் ஹாஜியார் கத்திக்கொண்டே இருந்தார்.
குசுமசிறி பாஸ் பேசவில்லை,
தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

ஜிந்துப்பிட்டியில் இடித்த கிட்டங்கியின் வளை அது.
இன்னும் கருவாடு மணக்கும் தேக்கு.
பிளந்த இடத்தில் ஒரு மர ஆப்பு.
ஆப்புக்குப் பின்னால்
தோடம்பழமளவு இரும்புக் குண்டு,
துருப்பிடித்து, ஈரமாக.
பக்கத்தில் காக்கைக் கால் போல மூன்று கோடு:
இங்கிலீசு அரசனின் சொத்து என்ற குறி.
மன்னன் மரத்துக்குக்கூடச் சூடு போட்டிருக்கிறான்.

சனிக்கிழமை அரைநாள் லீவு.
கறுவாத்தோட்டத்தில் சுவடிகள் திணைக்களம்,
கை நனைந்தால் கட்டைத் தரமாட்டார்கள்.
மழை. கையைச் சட்டையில் துடைத்தேன்.

பேஷியன்ஸ் என்று பெயர்.
பொறுமை.
முப்பத்தாறு பீரங்கி வைத்த பொறுமை.
மலையாளக் காட்டில் வெட்டி
பம்பாயில் பார்சி ஒருவர் கட்டியது.
இடுக்குக்கெல்லாம் காலித் தும்பு.
கொடி மட்டும் லண்டன்.
அதையும் முதல் பருவக்காற்று கிழிக்க
மெட்ராஸ் துணியில் ஒட்டுப் போட்டார்கள்,
செலவு எழுதியிருக்கிறது, பதினொரு பணம்.

போர் என்றால் ஒரே ஒரு பின்னேரம்.
மொரிசியசுக்குக் கிழக்கே பிரெஞ்சுக் கப்பல்,
அரைமணி நேரப் புகை,
இருட்டியதும் இரண்டும் ஒன்றையொன்று தொலைத்துவிட்டன.
இறந்தவர் நால்வர்:
மூன்று பேருக்குப் பெயர்.
நாலாவது, "லஸ்கர் ஒருவன்."
மற்ற இருபத்தொன்பது வருடமும்
கறுவா, கைதி, குதிரைக்குக் கொள்ளு,
ஒருதரம் ஆளுநர் வீட்டுப் பியானோ.
பியானோவுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு கொழும்பு.
மரம் மூன்றையும் பிடுங்கி
முகத்துவாரத்துக்கு வெளியே கட்டிப்போட்டு
மஞ்சள் கொடி ஏற்றினார்கள்.
கோப்பித் தோட்டத்துக்கென்று
தொண்டியிலும் அம்மாப்பட்டினத்திலும் தோணி ஏறி வந்த சனத்தில்
அம்மை போட்டவர்களை
அதில் ஏற்றினார்கள்.
பாய்மரம் இல்லை.
படுக்கப் பாயும் இல்லை.
நாட்குறிப்பும் அந்த வருடத்தோடு நிற்கிறது,
ஓடாத கப்பலுக்கு
என்னத்தை எழுதுவது?
கடைசித் தாளில் ஏலம்:
உடைத்த மரம், பதினான்கு குவியல்.
வாங்கியவர் பெயரைப் பூச்சி தின்றிருந்தது.

திங்கள் காலை
இரும்புத் தூரிகையால் வளையைத் தேய்த்தேன்.
கரி போகப் போக
உட்கார்ந்தவன் தோள் உயரத்தில்
கத்தியால் கீறியது தெரிந்தது:

௩௰௭

"கம்பனி மார்க்" என்றார் ஹாஜியார்.
நான் முன்னம் செட்டியார் தெருவில்
அடகுக் கடையில் நின்றவன்,
பழைய பேரேடு பார்த்த கண்.
முப்பத்தேழு.

முப்பத்தேழு என்ன?
நாளா? ஆளா?
ஏழின் மேலே
அதை எட்டாக்கத் தொடங்கிய
மெல்லிய வளைவு ஒன்று, பாதியில்.
கத்தி மொட்டையோ,
கூப்பிட்டுக் கரைக்குப் போகச் சொன்னார்களோ.
இல்லை, நான் அப்படி நினைக்க விரும்புகிறேன்.

புதன்கிழமை காலிமுகத்திடல் ஹோட்டலிலிருந்து
கட்டடக் கலைஞர் வந்தார்.
குண்டிருக்கும் துண்டு வேண்டுமாம்,
மதுக்கூட மேசைக்கு. டொலரில் விலை.
கீறலைப் பார்த்தார்:
"இந்தப் பக்கம் வேண்டாம், பழுது."
குசுமசிறி பாஸ் புது வாள் மாட்டி
குண்டுக்கும் எண்ணுக்கும் நடுவே
மெதுவாக அறுத்தார்.
வாசம் ஒன்று எழுந்தது,
கருவாடு அல்ல, அடியில் கிடந்த தேக்கெண்ணெய்.

குண்டு லொறியில் போனது.
மிச்சத்தை இருப்புப் புத்தகத்தில் பதிந்தேன்.
பின்னேரம் கணக்குப் பார்த்த ஹாஜியார்
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார்:
"முப்பத்தேழு என்று போட்டிருக்கிறீர்,
அடியா, துண்டா?"